வரங்களைக் கண்டறியும் வினாத்தாள்: சபைக்கு எவ்வளவு பயன்?

"இது எனக்குப் பொருந்தும்" வகை வாக்கியங்களுக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் போட்டு, கூட்டி, உங்கள் வரம் (சபைப் பணிக்காக தேவன் தந்த திறமை) இதுதான் என்று காட்டும் தாள்கள் பல கிறிஸ்தவ சபைகளில் புழங்குகின்றன. பெரும்பாலும் வேதாகமத்தின் ரோமர் 12:6-8, 1 கொரிந்தியர் 12, எபேசியர் 4:11 பட்டியல்களை ஒட்டியே தயாரிக்கப்பட்டவை.

பேச்சைத் தொடங்கிவைக்க நல்ல கருவி. தீர்ப்பாக எடுத்துக்கொண்டால் தொல்லை. பலர் செய்ததற்கு அல்ல, செய்ய ஆசைப்படுவதற்கு மதிப்பெண் போடுகிறார்கள். தன்னடக்கம் உள்ளவர் எல்லாவற்றிலும் 2 போட்டுவிட்டுப் போய்விடுவார். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவருக்கோ அனுபவமே இல்லை. அவர் தாளில் வருவது வெறும் ஊகம்.

பெரிய குறை, கைத்தொழில் பல தாள்களில் இல்லாதது. இஸ்ரவேலரின் வழிபாட்டுக் கூடாரத்தைச் செய்த பெசலெயேலின் கைவேலையை தேவ ஆவி தந்ததாக யாத்திராகமம் 31 சொல்கிறது. தொற்காள் என்ற சீஷி இறந்தபோது அவள் தைத்த அங்கிகளை அப்போஸ்தலர் 9:39இல் விதவைகள் காட்டி அழுகிறார்கள். தையல், கணக்கு, ஒலிபெருக்கி, சமையல் தெரிந்தவருக்கு இந்தத் தாளில் இடம் எங்கே? கடைசியில் வெற்றுத்தாள் ஒன்றைச் சேர்த்து, தெரிந்த வேலைகளையும் வாரத்தில் ஒதுக்கக்கூடிய மணிநேரத்தையும் எழுதச் சொல்லுங்கள்.

அதே தாளை, நிரப்பியவரோடு வேலை செய்த இருவரிடமும் கொடுத்து அவரைப் பற்றி நிரப்பச் சொல்வது அவசியம். மதிப்பெண் எங்கே அதிகம் விலகுகிறதோ, அங்கே பேச்சைத் தொடங்கலாம். பிறகு முடிவுத் தேதியோடு 3 மாதப் பொறுப்பு. தேதி குறிக்காவிட்டால், பொருந்தாதவரும் விலகத் தயங்கி ஆண்டுக்கணக்கில் அதே இடத்தில் சிக்கிக்கொள்வார். ஞாயிறு பள்ளிக்கு ஆசிரியர் கிடைக்காதபோது எல்லாருக்கும் "போதித்தல்" வரம் என்று முடிவு வந்தால், தாளைச் சந்தேகியுங்கள்.