கூண்டு ஏறும் நாளில் 100, மற்ற நாளில் 80: திங்பேட் இயக்கி பற்றி

கடலூர் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்றால் எங்கள் தெருவில் அவரவருக்கு ஒரு வேலை உண்டு. எதிர்வீட்டு அண்ணன் படகை இழுத்துக் கட்டப் போவார். மாமியார் இருக்கிற குடங்களில் எல்லாம் தண்ணீர் பிடித்து வைப்பார். நான் மடிக்கணினியில், பேட்டரியை எத்தனை சதவீதத்தில் நிரப்பி நிறுத்த வேண்டும் என்று சொல்லும் எண்ணை 80இலிருந்து 100 ஆக்குவேன். அந்த எண்ணை என் கையில் கொடுத்தது, லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் திங்பேட் மடிக்கணினிகளுக்கென்று இருக்கும் இயக்கி, அதாவது வன்பொருளோடு பேசும் நிரல். அதற்குத்தான் இந்த மதிப்புரை.

முதுநகரில் வீட்டிலிருந்தபடியே மளிகைக் கடைகளுக்கும் ஐஸ் வியாபாரிகளுக்கும் ஜிஎஸ்டி கணக்கு எழுதுகிறேன். எம்சிஏ படித்த நாளிலிருந்து சி மொழி எனக்குப் பிடிக்கும். அதனால் கெர்னலின் புதிய பதிப்பு வந்தால் என் கணினியைத் தொடும் மாற்றங்களை மட்டுமாவது வரி வரியாகப் படித்துவிடுவேன்.

முன்பு வைத்திருந்த மடிக்கணினி வேறொரு நிறுவனத்துடையது. காலை முதல் இரவு வரை மின்னிணைப்பிலேயே கிடந்தது. மூன்றாம் ஆண்டில் டச்பேடு மேலே எழும்பி வந்தது. அடிமூடியைக் கழற்றினால் பேட்டரி பலாக்கொட்டைபோல் உப்பியிருந்தது. லித்தியம் பேட்டரி முழுவதும் நிரம்பிய நிலையில், அதுவும் வெப்பத்தில், நாள்கணக்காக நின்றால் விரைவில் மூப்படையும். மே மாதத்தில் எங்கள் மாடி அறைக்குள் நுழைந்து பார்த்தவர்களுக்கு அந்த வெப்பத்தைச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை.

2022இல் புதுச்சேரியில் பழைய கணினி விற்கும் கடை ஒன்றில் 28,000 ரூபாய்க்குத் திங்பேட் டி480 வாங்கினேன். அதில் இரண்டு பேட்டரிகள்: உள்ளே 24 வாட்-மணி, பின்பக்கம் கழற்றி மாட்டக்கூடியது 48 வாட்-மணி. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 11 நிறுவினேன். அதன் கெர்னல் 5.10. முதல் நாளே இரண்டு பேட்டரிகளுக்கும் 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் நிரப்பத் தொடங்கு, 80இல் நிறுத்து என்று எழுதி வைத்தேன். 2018இல் வந்த 4.17ஆம் பதிப்பிலேயே இந்த வசதி இயக்கிக்குள் வந்துவிட்டது. எல்லையைக் காவல் காப்பது மடிக்கணினிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு. இயக்கி அந்தச் சில்லிடம் நம் எண்ணைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, அவ்வளவே.

அந்தச் சின்ன வேலையை எவ்வளவு அக்கறையோடு செய்திருக்கிறார்கள் என்பது மூலநிரலைப் படித்தால் தெரியும். நீங்கள் 100 என்று எழுதினால் இயக்கி அதை 0 ஆக மாற்றிச் சில்லுக்கு அனுப்புகிறது. ஏனென்றால் சில்லின் மொழியில் 0 என்றால்தான் 'இயல்பான நிலை', அதாவது முழுவதும் நிரப்பு என்று பொருள். இந்தக் காரணத்தை அந்த இடத்திலேயே குறிப்பாகவும் எழுதி வைத்திருக்கிறார்கள். சில மாடல்கள் தம் முதன்மை பேட்டரியையே இரண்டாவது என்று அறிவிக்கும்; அவற்றுக்கென்று தனிப் பட்டியல் இருக்கிறது. இந்த எண்களை நாம் எழுதும் கோப்புகளின் பெயர்கள் 5.9ஆம் பதிப்பில் மற்ற மடிக்கணினிகளோடு ஒத்துப்போகும்படி மாற்றப்பட்டன. ஆனால் பழைய பெயர்களையும் விட்டுவைத்தார்கள். பயனர்களின் நிரல்களை உடைக்கக்கூடாது என்பது லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் விடாமல் வலியுறுத்தும் விதி. பழைய பெயரை வைத்து யாரோ எழுதியிருந்த சிறு நிரல் ஒன்றை நான் எடுத்துப் போட்டபோது, ஓர் எழுத்துகூட மாற்றாமல் அது ஓடியது.

என்னை இந்த மதிப்புரை எழுத வைத்தது 5.17ஆம் பதிப்பின் மாற்றம். டெபியன் 12க்கு, அதாவது கெர்னல் 6.1க்கு மாறியபோதுதான் அது என் கைக்கு வந்தது. 'சார்ஜ் பிஹேவியர்' என்ற கோப்பில் மூன்று சொற்கள் இருக்கின்றன: ஆட்டோ (வழக்கம்போல் நடத்து), இன்ஹிபிட் சார்ஜ் (நிரப்பாதே), ஃபோர்ஸ் டிஸ்சார்ஜ் (மின்னிணைப்பில் இருந்தாலும் காலி செய்). அதற்கு முன்பு, மின்னிணைப்பில் இருக்கும்போதே பேட்டரியைக் காலி செய்து அளவைச் சரிபார்க்க வேண்டுமென்றால், கெர்னலுக்கு வெளியே கிடைக்கும் 'ஏசிபிஐ கால்' என்ற துணை நிரலை நிறுவ வேண்டும். ஒவ்வொரு கெர்னல் புதுப்பிப்பின்போதும் அதை மறுபடி உருவாக்க வேண்டும். அதைவிட, அது ஃபர்ம்வேரின், அதாவது கணினிக்குள்ளேயே பதிந்திருக்கும் அடிப்படை நிரலின், எந்த உள்வேலையையும் கூப்பிட விடும். பேட்டரியை மட்டும் தொடுவதற்காக வீட்டின் அத்தனை அறைச் சாவியையும் ஒருவர் கையில் கொடுப்பது போன்றது அது. புதிய மாற்றம் அந்த மூன்று சொற்களை மட்டும் ஏற்கிறது. நான் உடனே பழைய துணை நிரலை நீக்கிவிட்டேன்.

இதில் இன்ஹிபிட் சார்ஜ் நம் ஊருக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அன்று பிற்பகலே இரண்டு பேட்டரிகளையும் 100 வரை நிரப்பிவிட்டேன். மின்சாரம் போனபின் வீட்டின் இன்வெர்ட்டரில்தான் எல்லாம் ஓடியது. அதில் மடிக்கணினியைச் செருகினால் வேலைக்கான மின்சாரத்தோடு பேட்டரி நிரப்பவும் சேர்த்து இழுக்கும். மாமியாரின் மின்விசிறி அத்தனை சீக்கிரம் நின்றுவிடும். இன்ஹிபிட் சார்ஜ் என்று எழுதியதும் கணினி தன் ஓட்டத்துக்கு மட்டும் எடுத்துக்கொண்டது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையின் நீர் தென்பெண்ணையில் பெருகி வந்தது. மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. டிசம்பர் 11க்குள் போக வேண்டிய ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை விவரப் படிவங்களை நான் ஒன்றுகூடத் தவறவிடவில்லை.

குறைகளும் இருக்கின்றன. 40, 60 என்று வைத்திருந்த எல்லைகளை 75, 80க்கு ஏற்ற ஒருமுறை முயன்றேன். தொடக்க எண்ணை முதலில் எழுதியதால் மறுக்கப்பட்டது, ஏனென்றால் 75 அப்போதைய நிறுத்த எண்ணான 60ஐ விடப் பெரியது. தர்க்கப்படி சரிதான். ஆனால் வந்த பதில் 'இன்வேலிட் ஆர்குமென்ட்' (செல்லாத மதிப்பு) என்ற இரண்டே சொற்கள். ஏற்றும்போது நிறுத்த எண்ணை முதலில் எழுத வேண்டும், இறக்கும்போது தொடக்க எண்ணை முதலில் எழுத வேண்டும் என்பதை மூலநிரலைத் திறந்துதான் கண்டுபிடித்தேன். நிரல் படிக்கத் தெரியாதவர் என்ன செய்வார்? கெர்னலோடு வரும் ஆவணத்தில் இதற்கு ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த ஒரு வரியை எழுதி அனுப்பத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். நிரல் கோப்பும் பத்தாயிரம் வரிகளைத் தாண்டியது. விசிறி, விசைப்பலகை விளக்கு, பேட்டரி எல்லாம் ஒரே இடத்தில் குவிந்திருப்பதால் புதிதாக நுழைபவர் மிரண்டுபோவார்.

கட்டளை எழுதப் பிடிக்காதவர்களுக்கு டிஎல்பி என்ற நிரல் இருக்கிறது; எண்களை ஒருமுறை அமைத்துவிட்டால் ஒவ்வொரு தொடக்கத்திலும் அதுவே எழுதிவிடும். டெபியன் 13இல் வரும் குனோம் 48 என்ற திரை இடைமுகத்தின் அமைப்புகளில் பேட்டரியின் ஆயுளைக் காக்கும் தெரிவே வந்துவிட்டது. ஏசஸ் கணினிகளுக்கு நிறுத்த எல்லை 5.4ஆம் பதிப்பிலிருந்து உண்டு.

சென்ற வாரம் பின்பக்க பேட்டரியின் கணக்கைப் பார்த்தேன். 48 வாட்-மணிக் கொள்ளளவில் 41 இன்னும் மீதம் இருக்கிறது. ஏற்கெனவே யாரோ பயன்படுத்திய பேட்டரி அது. எதிர்வீட்டு அண்ணன் மகள் கல்லூரிக்கு வாங்கியிருக்கும் பழைய திங்பேடிலும் 75, 80 என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். "கூண்டு ஏறினால் மட்டும் 100 ஆக்க வேண்டும், அப்படித்தானே அக்கா?" என்று கேட்டுக்கொண்டாள்.