இரட்டைப் பாதுகாப்பு என்று நம்பி ரூ.6,40,000 இழந்தோம்: சர்வர் வாங்குவோர் கவனத்திற்கு

மதுரை கீழமாசி வீதியில் எங்கள் குடும்பம் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறது. மூன்று கிடங்குகளுக்கும் ஒரே பில்லிங் மென்பொருள் என்பதால், ஒரு சர்வர் படுத்தாலும் வேலை நிற்காதபடி, இரண்டு சர்வர்களும் அவற்றுக்குப் பொதுவாகத் தரவை வைத்திருக்கும் வட்டுகள் அடங்கிய ஒரு ஸ்டோரேஜும் கொண்ட கிளஸ்டரை, நகரின் நடுவே உள்ள ஒரு கணினிக் கடையில் நான்கு மாதங்களுக்கு முன் ரூ.6,40,000 கொடுத்து வாங்கினோம். கடந்த செவ்வாய்க்கிழமை அது மொத்தமாக நின்றுவிட்டது.

பொருத்திய அன்று கடைக்காரர் என் அப்பாவைப் பக்கத்தில் நிற்கவைத்து, ஓடிக்கொண்டிருந்த சர்வரின் இரண்டு பவர் சப்ளைகளில் ஒன்றின் வயரைப் பிடுங்கினார், சர்வர் ஓடியது. பிறகு அந்த சர்வரையே அணைத்தார். சற்றுத் திணறிய பில்லிங் திரை மற்ற சர்வரிலிருந்து மீண்டும் வந்தது. "பாத்தீங்களா அண்ணாச்சி, எது போனாலும் இன்னொண்ணு தாங்கும்" என்றார். அப்பா நின்ற இடத்திலேயே மீதித் தொகைக்குக் காசோலை எழுதிக் கொடுத்தார். ஸ்டோரேஜை மட்டும் அவர் தொடவே இல்லை என்பது எனக்கு அன்று உறைக்கவில்லை.

செவ்வாயன்று லாரிகள் வாசலில் நிற்க, இரண்டு சர்வர்களிலும் பச்சை விளக்கு எரிய, பில் மட்டும் வரவில்லை. ரேக்கின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தேன். வட்டுகளை இயக்கி சர்வர்களோடு இணைக்கும் கன்ட்ரோலர் ஸ்டோரேஜில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதுவும் செத்திருந்தது; இரண்டாவது கன்ட்ரோலர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு திருகுகள் போட்ட ஒரு தகரத் தகடு இருந்தது. பில்லில் "டூயல் கன்ட்ரோலர்" என்று அச்சாகியிருக்கிறது. வெளியாள் ஒருவரை அழைத்து வட்டுகளைச் சோதித்தபோது, புதியவை என விற்கப்பட்டவற்றில் ஒன்று 41,312 மணி நேரம் ஓடியதாகக் காட்டியது. ஆண்டுக்கு 8,760 மணி நேரம்தானே?

கடைக்குப் போன் செய்தால் முதல் நாள் இன்ஜினியர் திருச்சிக்குப் போயிருந்தார்; மறுநாள் கம்பெனிக்கு மெயில் போட்டிருந்தார்கள்; மூன்றாம் நாள், "கரண்ட் ஏற்ற இறக்கத்துக்கெல்லாம் வாரண்டி கிடையாது தம்பி" என்று கடைக்காரர் போனை வைத்துவிட்டார். தகடு எந்தக் கரண்டில் முளைத்தது என்று நேரில் கேட்டதற்கு, முதலாளி சாப்பிடப் போயிருப்பதாக ஒரு பையனைக் கொண்டு சொல்லவைத்தார். ரூ.6,40,000 வாங்கியபோது காப்பி வாங்கிக் கொடுத்த மனிதர் இவர். வணிகத்துக்காக வாங்கிய பொருள் என்பதால் நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நிற்பதே கடினம் என்கிறார் வழக்கறிஞர். கார்பன் நகல்களைப் பார்த்து இரண்டு நாள் பில்களை என் தங்கை இன்னும் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறாள்.

வாங்கப் போகிறவர்களுக்கு விரிவாக எழுத நினைத்தேன். இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. பணம் கொடுக்கும் முன் பின்பக்கத்தைத் திறந்து, கன்ட்ரோலர், பவர் சப்ளை, சுவிட்ச் என ஒவ்வொன்றையும் நீங்களே பிடுங்கிப் பாருங்கள். இரண்டு பவர் வயர்களையும் ஒரே யுபிஎஸ்ஸில் செருகவிடாதீர்கள்; எங்களுக்கு அப்படித்தான் செருகியிருந்தார்கள். இரண்டே சர்வர்கள் என்றால், எது தலைமை என்று முடிவு செய்யும் மூன்றாவது ஓட்டுக்கு ஒரு சாட்சிக் கணினியும் கேளுங்கள். இல்லாவிட்டால் இரண்டு சர்வர்களுக்கும் இடையிலான இணைப்பு அறும்போது இரண்டும் தானே தலைமை என்று ஒரே தரவில் எழுதிக் கெடுத்துவிடக்கூடும். சீரியல் எண்களைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு வாரண்டித் தேதியைப் பாருங்கள். பில்லும் அந்தத் தகட்டின் படமும் என்னிடம் இருக்கின்றன. மதுரையில் இப்போது விலை கேட்டுக்கொண்டிருப்பவர்கள் தனிச்செய்தியில் கேட்டால் அனுப்புகிறேன்.