லக்சர் மேற்குக் கரை, தனி வழிகாட்டியோடு ஒரு முழு நாள்: ஐந்துக்கு நாலரை

நாலு வருடம் முன்னால் எகிப்தின் லக்சர் நகருக்குப் போனபோது பேருந்துக் கூட்டத்தோடு சேர்ந்து நைல் ஆற்றின் மேற்குக் கரையை ஒரே காலையில் முடித்துவிட்டோம். பழங்கால அரசர்களின் கல்லறைகள் உள்ள அரசர் பள்ளத்தாக்கில் ஒன்றரை மணி நேரம், அரசி ஹட்செப்சுட்டின் கோயிலில் அரை மணி, அப்புறம் அலபாஸ்டர் என்ற வெளிர் கல்லில் செய்த சாமான் விற்கும் கடையில் முக்கால் மணி. டெய்ர் எல் மதீனா என்ற பெயரையே அந்த வழிகாட்டி எடுக்கவில்லை. அந்தக் குறை மனதில் அப்படியே கிடந்தது. அதனால் இந்த முறை தங்கியிருந்த விடுதி மூலமாக, எகிப்தியல் படித்த உள்ளூர்ப் பெண் ஒருவரை வழிகாட்டியாக, காரோடும் ஓட்டுநரோடும் ஒரு நாளுக்கு அமர்த்திக்கொண்டோம். பேருந்துச் சுற்றுலாவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. கொடுத்த காசுக்குத் தகும், சந்தேகமே இல்லை.

காலை ஆறு மணிக்கே பள்ளத்தாக்கு வாசலில் நின்றோம். பொது டிக்கெட்டில் மூன்று கல்லறைகள்தான் பார்க்கலாம். துத்தன்காமுன், முதலாம் சேத்தி ஆகிய அரசர்களின் கல்லறைகளுக்குத் தனி டிக்கெட். வழிகாட்டி எங்களை நேராக அரசர் மூன்றாம் ராம்சேஸின் கல்லறைக்கு அழைத்துப் போனார். உள்ளே நின்று விளக்கம் சொல்ல வழிகாட்டிகளுக்கு அனுமதி கிடையாது, அதனால் வாசலிலேயே படங்களைக் காட்டி எங்கே எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். தோண்டிக்கொண்டே போனவர்கள் பக்கத்துக் கல்லறையில் போய் முட்டிக்கொண்டதால் நடைபாதை ஓரிடத்தில் விலகிப் போகிறது, அதைத் தவறவிடாதீர்கள் என்றார். பக்கவாட்டுச் சிற்றறை ஒன்றில் ரொட்டி சுடும் காட்சி தீட்டியிருக்கிறது, வண்ணம் நிறைய மங்கிவிட்டது. "இந்த ரொட்டியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மாலை வரைக்கும் வேண்டும்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்து டெய்ர் எல் மதீனா. அரசர்களின் கல்லறைகளைக் குடைந்து வண்ணம் தீட்டிய கைவினைஞர்கள் குடும்பத்தோடு வாழ்ந்த கிராமம் இது. மதில் சூழ்ந்த இடத்துக்குள் எழுபது வீடுகள் இருக்கும். இடுப்பளவுக் கல்சுவர்கள்தான் மிச்சம். நாங்கள் அங்கே இரண்டரை மணி நேரம் இருந்தோம். அவ்வளவு நேரம் தேவையா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன், தேவை. ஒரு வீட்டுக்குள் நிறுத்தி, இது சாமி மேடையுள்ள முன்னறை, இது தூண் வைத்த கூடம், பின்னால் அடுப்படி, இந்தப் படி மொட்டை மாடிக்கு என்று அவர் ஒவ்வொன்றாகக் காட்டியபோது சுவர்கள் தாமாக எழுந்து நின்றமாதிரி இருந்தது. ஊருக்குள் தண்ணீர் கிடையாது, கழுதையில் கொண்டுவந்தார்கள். கிணறு வெட்டுவோம் என்று சுமார் 50 மீட்டர் தோண்டியும் ஊற்று வராமல் அந்தக் குழி குப்பைக் குழியானது. அந்தக் குப்பையில் கிடைத்ததுதான் நமக்குப் பொக்கிஷம்: எழுதிப் போட்ட ஆயிரக்கணக்கான சுண்ணாம்புக்கல் சில்லுகளும் பானை ஓடுகளும். கணக்கு, கடன், சண்டை, கடிதம், எல்லாம். இந்த ஊர்க்காரர்களின் வருகைப் பதிவு ஒன்று, இரண்டாம் ராம்சேஸின் 40-ஆம் ஆண்டைச் சேர்ந்தது, இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வராத நாளுக்கான காரணங்களில் தேள் கொட்டியது, கண்வலி, பீர் காய்ச்சியது, தாயின் உடலைத் துணியால் சுற்றியது எல்லாம் உண்டு.

சம்பளம் தானியமாகத்தான். ஒரு தொழிலாளிக்கு மாதம் நாலு மூட்டை கோதுமை, ஒன்றரை மூட்டை பார்லி. மூன்றாம் ராம்சேஸின் 29-ஆம் ஆட்சியாண்டில் அது வராமல் போனது. மாதம் 18 நாள் ஓடிவிட்டது, பசிக்கிறது என்று வேலையைப் போட்டுவிட்டு மொத்தப் பேரும் மதிலைத் தாண்டிப் போய்க் கோயில்களில் உட்கார்ந்தார்கள். துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை, எங்கள் அரசருக்கு எழுதுங்கள் என்றார்கள். எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். அதைப் பதிந்த பாப்பிரஸ் (நாணல் தாள்) இத்தாலியின் டுரின் நகரில் இருக்கிறது. காலையில் பார்த்த ரொட்டியை ஏன் ஞாபகம் வைக்கச் சொன்னார் என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

கிராமத்தில் அந்தக் கைவினைஞர்களில் ஒருவரான செனெஜெமின் கல்லறையைக் கட்டாயம் பாருங்கள். 1886-ல் கொள்ளையர் கை படாமல் கிடைத்தது. படி குறுகல், செங்குத்து. முட்டிவலி உள்ளவர்கள் யோசித்து இறங்குங்கள். கீழே சின்ன அறைதான், மஞ்சள் பூசிய வளைவுக் கூரை. மறுமையிலும் செனெஜெம் மாடு பூட்டி உழுகிறார், மனைவி பின்னாலேயே விதை தூவிக்கொண்டு வருகிறாள், இருவர் உடம்பிலும் மடிப்புக் கலையாத வெள்ளைத் துணி. வெயில் சுடாத, வாய்க்கால் வற்றாத வயல்தான் அவர்களுக்குச் சொர்க்கம்.

அரை மதிப்பெண் குறைத்தது ஓட்டுநருக்காக. கடை வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியும் மதியம் ஒரு அலபாஸ்டர் கடை வாசலில் வண்டியை நிறுத்தினார். வழிகாட்டி உடனே பேசிக் கிளப்பிவிட்டார், அதற்குள் இருபது நிமிடம் போய்விட்டது.

கடைசியாக மெதினெத் ஹபு, அதே மூன்றாம் ராம்சேஸின் கோயில். கடல்வழி வந்த எதிரிகளோடு போர், வெட்டிக் குவித்த கைகள், எல்லாம் பிரமாண்டம்தான், ஆனால் அவர் அங்கே அதிகம் நிற்காமல் தெற்கு வெளிச்சுவருக்குக் கூட்டிப்போனார். திருவிழாவுக்குத் திருவிழா தெய்வங்களுக்கு எத்தனை ரொட்டி, எத்தனை ஜாடி பீர் படைக்க வேண்டும் என்ற பட்டியல் அந்தச் சுவர் நெடுக வெட்டியிருக்கிறது. கோடு என்றால் ஒன்று, வளைவு என்றால் பத்து, சுருட்டிய கயிறு என்றால் நூறு என்று என் பத்து வயது மகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவள் சுவரைத் தொடாமல் விரலைக் காற்றில் நகர்த்தி எண்ணிக்கொண்டே போனாள். பிறகு திரும்பி, "இதுல அந்தக் கிராமத்துக்கு எவ்வளவும்மா?" என்று கேட்டாள்.

அமர்த்துபவர்கள் இந்த வரிசையிலேயே கேளுங்கள்: மூன்றாம் ராம்சேஸ் கல்லறை, கிராமம், கோயில். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டராவது எடுத்துக்கொள்ளுங்கள்.