பெர்லின் வாடகை வீட்டு ஹீட்டர்: பல குளிர்காலப் பழக்கத்தில் சொல்கிறேன்

ஜெர்மனிக்கு வேலைக்கு வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது ஜாக்கெட்டைப் பற்றித்தான். அது எந்தக் கடையிலும் கிடைக்கும். நவம்பர் முதல் மார்ச் வரை நிம்மதியாக இருப்போமா, அல்லாடுவோமா என்பது ஜன்னலுக்கு அடியில் இருக்கும் ஹீட்டரையும், அந்த ஜன்னலை நாம் எப்படித் திறக்கிறோம் என்பதையும் பொறுத்தது.

ஹீட்டர் திருகில் 1 முதல் 5 வரை எண்கள் இருக்கும். கேஸ் அடுப்பைப் போல ‘பெரிசா வச்சா சீக்கிரம் சூடாகும்’ என்று நினைத்து 5-க்குத் திருப்புகிறவர்கள் அதிகம். 3 என்றால் அறை சுமார் 20 டிகிரிக்கு வந்ததும் வால்வு தானாகவே அடங்கிவிடும். 5 என்றால் 28 டிகிரி வரை விடாமல் ஓடும், வேகமெல்லாம் ஒன்றுதான். அதே திருகில் இருக்கும் நட்சத்திரக் குறி உறைபனியில் குழாய் வெடிக்காமல் காப்பதற்கு. ஊருக்குப் போகும்போது அதில் வைத்துவிட்டுப் போகலாம். சோபாவைக் கொண்டுபோய் ஹீட்டரை ஒட்டிப் போட்டால், வால்வு அந்த இடுக்கின் சூட்டை அறையின் சூடு என்று எடுத்துக்கொண்டு முன்கூட்டியே மூடிக்கொள்ளும். அடிப்பகுதி சூடாகவும் மேற்பகுதி சில்லென்றும் இருந்து, உள்ளே களகளவென்று சத்தம் கேட்டால் காற்று அடைத்திருக்கிறது. அதைத் திறந்துவிட ஒரு குட்டிச் சாவி சில யூரோக்களுக்குக் கிடைக்கும்.

பணம் மிச்சமாகட்டும் என்று ஹீட்டரையே போடாமல் கம்பளிக்குள் சுருண்டு கிடப்பவர்களுக்கு ஒரு செய்தி. பொது ஹீட்டிங் உள்ள கட்டடத்தில் மொத்தச் செலவில் 50 முதல் 70 சதவீதம்தான் அவரவர் உபயோகப்படி பிரிக்கப்படும். மிச்சம் வீட்டின் பரப்பளவுக்கு ஏற்ப வரும், போட்டாலும் போடாவிட்டாலும்.

குளிரை விடப் பெரிய தலைவலி ஈரம். நம் சமையலுக்கு இந்த வீடுகள் கட்டப்படவில்லை. குக்கர் விசில், இட்லிப் பானை, கொதிக்கும் ரசம், போதாததற்கு ஹாலில் ஸ்டாண்டு போட்டுக் காயவைக்கும் துணி. அத்தனை நீராவியும் வெளிச்சுவர் மூலைகளில் போய்க் குளிர்ந்து, பீரோவுக்குப் பின்னால் கருப்பாகப் பூஞ்சை பிடிக்கும். வீட்டைக் காலி செய்யும்போது வாடகைக்காரருக்கும் உரிமையாளருக்கும் வரும் சண்டைகளில் இதற்குத் தனி இடம் உண்டு.

தீர்வு ஜெர்மானியர்கள் உயிராக மதிக்கும் ‘ஷ்டோஸ்லூஃப்டன்’: ஹீட்டரை மூடிவிட்டு, எல்லா ஜன்னல்களையும் முழுதாக, ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை திறந்துவிடுவது. பூஜ்ஜியத்துக்குக் கீழே இருக்கும்போது இதென்ன பைத்தியக்காரத்தனம் என்று தோன்றும். ஆனால் காற்று மாறுவதற்குள் சுவர் குளிர்ந்துவிடாது, மூடியதும் அறை பழைய சூட்டுக்கு வந்துவிடும். ஜன்னலை மேல்பக்கம் மட்டும் சாய்த்து நாள் முழுக்க விடுவதுதான் கெடுதல். ஜன்னலைச் சுற்றியுள்ள சுவர் குளிர்ந்து, பூஞ்சை அங்கேயே குடியேறும். பத்து யூரோ அளவில் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்று வாங்கிவையுங்கள். ஈரம் 40-க்கும் 60 சதவீதத்துக்கும் இடையில் இருந்தால் கவலையில்லை. இந்த நாட்டில் நான் வாங்கியதிலேயே காசுக்கு முழு மதிப்புள்ள பொருள் அதுதான். (தாளிக்கும் முன் கோட்டுகளைப் படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்திவிடுங்கள். கம்பளியில் ஏறிய பெருங்காய வாசம் மறுநாள் அலுவலகம் வரைக்கும் கூடவே வரும்.)

இருட்டுக்கு எந்தத் திருகும் கிடையாது. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். டிசம்பர் நடுவில் பெர்லினில் சூரியன் எட்டு மணிக்கு மேல் வந்து நாலு மணிக்குள் போய்விடும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ‘அட்வென்ட்’ ஞாயிறுகளில் வாரத்துக்கு ஒன்றாக ஏற்றும் நான்கு மெழுகுவர்த்திகளும், ஜன்னல்களில் எரியும் வளைவு விளக்குகளும் ஏன் இத்தனை முக்கியம் என்பது ஒரு டிசம்பரைக் கடந்தால் புரியும். கிறிஸ்துமஸ் சந்தைக்கு மதிய உணவு வேளையில் போகிறவர்கள் மாலையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். குடிக்காதவர்களுக்கு ஆல்கஹால் இல்லாத சூடான பழரசம், சைவத்துக்கு உருளைக்கிழங்கு அடையும் ஆப்பிள் கூழும். கோப்பையைத் திருப்பித் தந்தால் அதற்காகக் கட்டிய முன்பணம் கைக்கு வந்துவிடும்.

24-ஆம் தேதி மதியம் இரண்டு மணியோடு கடைகள் அடைத்துவிடும். 25, 26 இரண்டும் விடுமுறை. 23-ஆம் தேதிக்குள் அரிசி பருப்பை வாங்கிவைத்து, படிக்கட்டருகே ஒட்டியிருக்கும் ஹீட்டிங் அவசரத் தொலைபேசி எண்ணையும் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் ஹீட்டர் நின்றால் வீட்டு நிர்வாக அலுவலகத்தில் போனை எடுக்க ஆள் இருக்காது.