நரைக்குச் சாயம்: மூன்றாவது வாரத்தில் மானத்தைக் காப்பாற்றுவது எது?

ஆறு வருடம் மாதம் தவறாமல் கருகருவென்று டை அடித்தேன். இப்போது ஒன்றரை வருடமாக, குளிக்கக் குளிக்க மெல்ல மங்கும் டெமி-பெர்மனென்ட் கலர். பழையபடி திரும்பும் எண்ணம் இல்லை. அதனால் இது நடுநிலையான அலசல் என்று யாரும் நம்ப வேண்டாம்.

டை வாங்கும்போது எல்லோரும் கேட்பது ‘எத்தனை நாள் நிற்கும்?’ என்றுதான். நானும் அதைக் கேட்டுத்தான் ஏமாந்தேன். நிரந்தர டை சொன்னபடி நிரந்தரம்தான். அம்மோனியா மாதிரியான காரம் முடியின் மேல்செதில்களைத் திறந்துவிட, ஹைட்ரஜன் பெராக்சைடின் உதவியோடு நிறம் முடிக்கு உள்ளேயே உருவாகி அங்கேயே மாட்டிக்கொள்கிறது. எத்தனை முறை தலைக்குக் குளித்தாலும் முழுதாகப் போகாது. ஆனால் முடி சும்மா இருப்பதில்லையே! மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. மூன்றாவது வாரம் வகிட்டின் இரு பக்கமும் ஏழு மில்லிமீட்டருக்கு வெள்ளை, அதைத் தாண்டினால் சட்டென்று கறுப்பு. அந்த வெள்ளை தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு மண்டைத்தோலாகவே தெரியும். நரையை மறைக்கப் போய் வழுக்கையை வாங்கிக்கொண்ட கதை.

டெமி-பெர்மனென்டில் டெவலப்பரின் (சாயத்தோடு கலக்கும் பெராக்சைடு திரவம்) வீரியம் குறைவு, அம்மோனியா பெரும்பாலும் கிடையாது. நிறம் ஆழமாக இறங்குவதில்லை. இருபது, இருபத்தைந்து தலைக்குளியலில் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கும். பெட்டியில் படித்தால் இது குறையாகத் தெரியும். எனக்கு இதுதான் தேவையாக இருந்தது. வேரில் வெள்ளை எட்டிப்பார்க்கும் அதே நாட்களில் மேலே இருக்கும் நிறமும் மங்கிவிடுவதால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன, கோடு விழுவதில்லை. முன்பு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கிண்ணமும் பிரஷுமாக உட்கார்ந்தேன். இப்போது ஏழெட்டு வாரத்துக்கு ஒருமுறை. ஒரு தடவை பத்து வாரம் ஓடிவிட்டது, யாரும் எதுவும் கேட்கவில்லை.

இதில் நான் பட்டுத் தெரிந்துகொண்டவையும் உண்டு. சொந்த நிறத்தைவிட ஒன்றிரண்டு ஷேடு வெளிறியதை எடுத்தால் நரைமுடிகள் இளம்பழுப்புக் கீற்றுகளாகத் தெரியும். கறுப்பை எடுத்தால் பழைய வம்புதான். ஒவ்வொரு முறையும் நுனிவரை பூசினால் நிறத்தின் மேல் நிறம் ஏறி நுனி இருண்டுவிடும். வேருக்கு மட்டும் பூசிவிட்டு, கடைசி ஐந்து நிமிடம் நுனிக்குச் சீவி இறக்கினால் போதும். காதோர நரை முரட்டு ரகம், லேசில் சாயம் பிடிக்காது. அதனால் முதல் பூச்சு அங்கேதான்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். தலையில் பாதிக்கு மேல் நரைத்திருந்தால் இது மறைக்காது, சாயல்தான் கொடுக்கும். ஏற்கெனவே கறுப்பு டை ஏறிய முடியை இதனால் வெளுக்க வைக்கவும் முடியாது. அந்தக் கறுப்பு வளர்ந்து, வெட்டி, ஒழியும்வரை எனக்கு ஆறேழு மாதம் இரண்டுங்கெட்டான் தலைதான். என் முடி குட்டை. இடுப்புவரை முடி உள்ளவர்கள் என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘அம்மோனியா இல்லை’ என்றால் ஒவ்வாமை வராது என்றும் பொருளில்லை. ஒவ்வாமைக்குப் பேர்போன பிபிடி (PPD) என்ற சாயப்பொருளோ அதன் உறவுக்காரச் சாயமோ இதிலும் இருக்கலாம். ஒவ்வொரு முறையும் 48 மணி நேரம் முன்பே காதின் பின்னால் கொஞ்சம் தடவிப் பார்த்துவிடுங்கள்.

மருதாணியைப் பலர் பராமரிப்பே இல்லாத வழி என்று நினைக்கிறார்கள். தனியாகப் போட்டால் வெள்ளை முடி செம்பட்டையாகும். அடுத்து அவுரி போட்டால் பழுப்போ கறுப்போ வரும், ஆனால் அரை நாள் போய்விடும். மருதாணியின் சாயம் முடியின் புரதமான கெரட்டினோடு ஒட்டிக்கொள்வதால் எளிதில் நீங்காது. வேர்க்கோடும் வரத்தான் செய்யும். உலோக உப்பு கலந்த பொடியைப் போட்டுவிட்டு அதன் மேல் பெராக்சைடு சேர்ந்த கலரைப் பூசினால் முடி சூடேறி ஒடியலாம். ‘கறுப்பு மருதாணி’ என்று விற்பதில் பிபிடி கலந்திருப்பதும் உண்டு.

செமி-பெர்மனென்ட் என்பது பெராக்சைடு இல்லாமல் மேலாகப் படியும் வேறு ரகம், நான்கைந்து குளியலிலேயே மங்கத் தொடங்கும். ஒரு விசேஷத்துக்கு ஆகும், வருடக்கணக்குக்கு ஆகாது. வேரில் தொட்டுக்கொள்ளும் பவுடர் அவசரத்துக்கு நல்ல துணை, வியர்க்காதவரை. ஹைலைட்ஸ் போட்டு, அதாவது இடையிடையே சில கீற்றுகளை மட்டும் வெளிறவைத்து, நரையோடு கலக்கவிடும் முறையில் மூன்று நான்கு மாதம் தாங்குவதாக, செய்துகொண்ட தோழி சொல்கிறாள். கரிய முடிக்கு ப்ளீச் கட்டாயம் என்பதால் எனக்குத் துணிச்சல் வரவில்லை.

எதுவும் பூசாமல் விட்டுவிடுவதை மிஞ்ச எதுவும் இல்லை. தோள்வரை முடியுள்ளவருக்குச் சாயமெல்லாம் வளர்ந்து ஒழிய இரண்டரை, மூன்று வருடம் ஆகும், அதுதான் மலைப்பு. நான் இன்னும் அந்த முடிவுக்கு வரவில்லை. ஆனால் போன முறை பெட்டி வாங்கும்போது, வழக்கமானதைவிட இன்னும் ஒரு ஷேடு வெளிறியதை எடுத்து வந்தேன்.