வேலூர் வெயிலில் ஒரு சோலெக்ஸ் கார்புரேட்டர்: பல வருட அனுபவம்

எங்கள் வீட்டு அம்பாசிடர் மார்க் 4, எண்பதுகளின் நடுவில் வாங்கிய பெட்ரோல் வண்டி. 1489 சிசி இன்ஜின், ஒற்றை சோலெக்ஸ் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் பாகம்). அப்பாவுக்குப் பிறகு நான்தான் ஓட்டுகிறேன். சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடி வரை அடிக்கடி, எப்போதாவது ஆரணி, ஆம்பூர். பழைய வண்டி வாங்க நினைக்கிறவர்கள் கேட்கிற முதல் கேள்வியே "கார்புரேட்டர் தொல்லை தராதா?" என்பதுதான். தரும். ஆனால் கார்புரேட்டர் தொல்லை என்று நினைத்துத் திறந்ததில் பாதிக்கு மேல் கோளாறு வேறெங்கோதான் இருந்திருக்கிறது.

இன்ஜின் மிஸ்ஸிங் அடித்தால், அதாவது திக்கித் திக்கி ஓடினால், பல பட்டறைகளில் கை முதலில் போவது ஐட்லிங் கலவையைச் சரிசெய்யும் ஏர் ஸ்க்ரூவுக்குத்தான். கால் திருகு இப்படி, அரைத் திருகு அப்படி. ஐட்லிங் கொஞ்சம் சரியாகும், பணம் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள், பாலாற்றுப் பாலம் தாண்டுவதற்குள் பழைய குருடி கதவைத் திறடி. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு வயதான பாய் இருந்தார், அம்பாசிடர் வேலையிலேயே தலை நரைத்தவர். அவர்தான் எனக்கு முறையைச் சொல்லிக் கொடுத்தார். "ஸ்க்ரூவத் தொடாத சார். மொதல்ல பாயிண்ட்ட பாரு, அப்பறம் சோக்க இழு."

அந்த வரிசையைத்தான் இன்றுவரை பிடித்துக்கொண்டிருக்கிறேன். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, உள்ளே மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் பாயிண்ட் கருகியிருக்கிறதா, இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் இருக்கிறதா என்று பார்ப்பேன். பாயிண்ட்டோடு இணைந்த சின்ன மின்பாகமான கண்டென்சர் போனாலும் கார்புரேட்டர் அடைத்த மாதிரியே வண்டி திக்கும். இதெல்லாம் சரி என்றால், ஓடும் வண்டியில் சோக்கை (காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் இழுப்பு) லேசாக இழுக்க வேண்டும். இழுத்ததும் திக்கல் நின்று இன்ஜின் நிதானமானால் பெட்ரோல் பற்றவில்லை என்று அர்த்தம்: ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் பித்தளைத் துளை) அடைத்திருக்கும், இல்லாவிட்டால் எங்கோ காற்று உள்ளே புகுகிறது. இழுத்ததும் இன்னும் மோசமானால் ஏற்கெனவே பெட்ரோல் அதிகம். பிளக்கைக் கழற்றினால் அதுவே சாட்சி சொல்லும். கரி படிந்திருந்தால் அதிகம், வெளிறியிருந்தால் குறைவு, வெளிர் பழுப்பு என்றால் கையை வைக்காதீர்கள்.

காற்று புகுவதைக் கண்டுபிடிப்பது எளிது. ஐட்லிங்கில் விட்டு, கார்புரேட்டர் அடியில் இருக்கும் பேக்கிங்கைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடித்தால், லீக் இருக்கும் இடத்தில் இன்ஜின் சத்தம் சட்டென்று மாறும். சூடான இன்ஜினில் தீப்பிடிக்கும் சமாச்சாரம் இது, எக்ஸாஸ்ட் மேல் படக் கூடாது.

பெட்ரோல் அதிகமாகி ஓவர்ஃப்ளோ ஆனால், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் நீடில் வால்வு, இல்லையென்றால் பெட்ரோலில் மிதந்து அந்த நீடிலை மூடும் ஃப்ளோட். போன வருடம் மாற்றிய நீடில் புதிதாக இருந்தும் ஒழுகல் நிற்கவில்லை. பித்தளை ஃப்ளோட்டைக் கழற்றிக் காதருகே ஆட்டினால் உள்ளே பெட்ரோல் சளசளத்தது. ஓட்டை எங்கே என்று கண்ணுக்குத் தெரியவில்லை. வெந்நீரில் அமுக்கிப் பிடித்தேன். ஓர் ஓரத்து ஈய ஒட்டிலிருந்து ஊசிமுனை அளவுக்குக் குமிழ் வரிசையாகக் கிளம்பியது. உள்ளே இருந்த பெட்ரோலை முழுக்க வெளியேற்றிக் காயவைத்த பிறகுதான் ஈயம் வைக்க வேண்டும். ஆவி மிச்சமிருந்தால் வெடிக்கும். ஈயம் தாராளமாக வைத்தாலும் ஃப்ளோட் கனத்து பெட்ரோல் மட்டம் ஏறிவிடும், மறுபடியும் ஓவர்ஃப்ளோதான்.

ஜெட் விஷயத்தில் ஒரே ஒரு புலம்பல். கம்பி விட்டுக் குத்தாதீர்கள். 125ஆம் எண் ஜெட் என்றால் துளை 1.25 மி.மீ. பித்தளை மென்மையான உலோகம். கம்பி கீறினால் அது 125 இல்லை, நம்பரே இல்லாத ஜெட். கிளீனரில் ஊறவைத்து, கம்ப்ரஸர் காற்று அடித்தால் போதும்.

அப்புறம் நம்ம ஊர் வெயில். மே மாதம் இங்கே 40 டிகிரியைத் தாண்டுவது செய்தியே இல்லை. அம்பாசிடரில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் இன்ஜினின் ஒரே பக்கம், அதுவும் ஒன்றுக்கு மேல் ஒன்று. கிரீன் சர்க்கிள் நெரிசலில் ஊர்ந்துவிட்டு, கடையில் பத்து நிமிடம் நிறுத்தி வந்தால் ஸ்டார்ட் ஆகாது. ஃப்ளோட் சேம்பரில் பெட்ரோல் கொதித்து உள்ளே வழிந்திருக்கும். அப்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்து மிதித்து விட்டால் ஆக்ஸிலரேட்டர் பம்ப் இன்னும் பெட்ரோலைத் தள்ளும். ஒரேயடியாக முழுசாக மிதித்துப் பிடித்தபடி செல்ஃப் அடிக்க வேண்டும். ஓடும்போதே நின்றால் அது வேறு, பெட்ரோல் லைனில் ஆவி அடைத்திருக்கும்; பம்ப் மேல் ஈரத் துணி போடும் பழைய வைத்தியம் இன்றும் வேலை செய்கிறது. நான் கார்புரேட்டருக்கு அடியில் தடித்த ஃபைபர் பேக்கிங்கும், எக்ஸாஸ்டுக்கு மேல் ஒரு தகடும் வைத்தேன். பெட்ரோல் ஓஸை எக்ஸாஸ்டிலிருந்து தள்ளிக் கட்டினேன். பாதித் தொல்லை போனது.

மீதிக்குக் காரணம் இப்போதைய பெட்ரோல் என்பது என் கருத்து. 20 சதவீதம் எத்தனால் கலந்தது சூட்டில் சீக்கிரம் ஆவியாகிறது. பழைய ரப்பர் ஓஸ் பிசுபிசுத்துப் போனது, பம்ப் டயாஃப்ரம் விறைத்தது, டேங்கில் வருடக்கணக்கில் படிந்திருந்த அழுக்கு கரைந்து ஃபில்டருக்கு வந்தது. இன்னொன்று, சுத்த பெட்ரோலுக்குக் காற்று 14.7 பங்கு என்றால் எத்தனாலுக்கு 9 பங்கே போதும். புது வண்டியில் சென்சார் பார்த்துக்கொள்ளும், சோலெக்ஸுக்கு அந்த மூளை கிடையாது. அதே ஜெட்டில் கலவை வறண்டுவிடுகிறது, அதாவது காற்றுக்கேற்ற எரிபொருள் போதவில்லை. மெயின் ஜெட்டை ஒரு நம்பர் பெரிதாக்கிய பிறகு சமவெளியில் பிக்கப் நன்றாக இருக்கிறது. ஏலகிரி ஏறும்போது மட்டும் மேல் வளைவுகளில் கொஞ்சம் கரும்புகை. ஆயிரம் மீட்டருக்கு மேலே காற்று மெலிந்து பெட்ரோல் கூடுதலாகிவிடுகிறது. மலைக்கு எப்போதாவதுதான் போகிறேன், சகித்துக்கொள்ளலாம்.

எத்தனாலைத் தாங்கும் ஓஸ், டயாஃப்ரம் மாற்றியாயிற்று. நிறுத்தி வைப்பதாக இருந்தால் பாதி டேங்கில் விடுவதில்லை, ஈரம் இழுக்கிறது. இப்போது பாக்கி த்ராட்டில் ஸ்பிண்டில் (ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கார்புரேட்டரில் திரும்பும் தண்டு) ஆட்டம். விரலால் அசைத்தாலே தெரிகிறது, அந்த இடுக்கு வழியாகவும் காற்று போகிறது. அது தீரும்வரை ஐட்லிங்கைக் கொஞ்சம் கூட்டியே வைத்திருக்கிறேன். லேத்தில் கொடுத்துத் தேய்ந்த துளைக்குப் புஷ் (உலோக வளையம்) போட வேண்டும், நல்ல கை உள்ள கடைதான் இன்னும் கிடைக்கவில்லை.