பிளஸ் டூவா, பாலிடெக்னிக்கா?

பத்தாவது ரிசல்ட் வந்த வாரத்தில் யாராவது ஒருவர் என்னிடம் கேட்டுவிடுவார்: "பையனை பாலிடெக்னிக்கில் போட்டால் வருஷம் வீணாகுமா தம்பி?"

ஆகாது. பிளஸ் டூ 2 வருடம், பி.இ. 4 வருடம். பாலிடெக்னிக் டிப்ளமோ என்றால் 3 வருடம், அப்புறம் லேட்டரல் என்ட்ரியில் நேரே பி.இ. இரண்டாம் ஆண்டு, அங்கே ஒரு 3 வருடம். எந்த வழியில் போனாலும் ஆறுதான். முதலில் கை பழகுகிறதா, கணக்கு பழகுகிறதா என்பதில்தான் வித்தியாசம்.

நான் டிப்ளமோ வழியில் வந்தவன். ஃபிட்டிங் ஷாப்பில் இரும்புத் துண்டை வைஸ் என்கிற பிடிப்புக் கருவியில் இறுக்கி அரத்தால் ராவச் சொல்வார்கள். வி வடிவத்தில் வெட்டிய இரண்டு துண்டும் ஒன்றுக்குள் ஒன்று உட்கார வேண்டும். இன்ஸ்ட்ரக்டர் அதை வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிப்பார். நடுவில் வெளிச்சம் கசிந்தால் ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்துவிடுவார். கால் மில்லிமீட்டர் எவ்வளவு பெரியது என்று அந்த ஜன்னலோரம்தான் எனக்குப் புரிந்தது. பி.இ. முதலாண்டிலும் ஒர்க்‌ஷாப் உண்டு. ஆனால் அது பல பாடங்களில் ஒன்று, அவ்வளவுதான்.

சரி, கணக்குக்கு வருவோம். பிளஸ் டூ பசங்க இரண்டு வருடம் நுண்கணிதத்தோடு மல்லுக்கட்டி, பி.இ. முதலாண்டில் மறுபடியும் அதையே ஆழமாகப் படிப்பார்கள். லேட்டரல் பசங்க அந்த ஆண்டைத் தாண்டிக் குதித்து, மூன்றாம் செமஸ்டரில் ஃபூரியே தொடரின் முன்னால் போய் விழுகிறோம். நான் விழுந்தேன், அரியர். ரூம்மேட் ராத்திரியில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்து, இரண்டாம் தடவை எழுதித்தான் தேறினேன். டிப்ளமோ கடைசிப் பரீட்சைக்கும் கல்லூரி திறப்பதற்கும் நடுவே கிடைக்கும் லீவில் முதலாண்டு கணக்குப் புத்தகத்தைத் தொட்டிருந்தால் இந்தப் பாடு இருந்திருக்காது.

வீட்டில் காசு முடை என்றால் டிப்ளமோ பக்கம்தான் சாய்வேன். 18 வயதில் படிப்பை நிறுத்த நேர்ந்தாலும் கையில் ஒரு தொழில் இருக்கும். ரயில்வே ஜூனியர் இன்ஜினியர் தேர்வுக்கு டிப்ளமோவே போதும். வெறும் பிளஸ் டூ சான்றிதழுக்கு அந்த வாசல் திறக்காது. டி.என்.பி.எஸ்.சி. உதவிப் பொறியாளர் வேலைக்கு மட்டும் பி.இ. வேண்டும்.

ஆனால் 15 வயதில் மெக்கானிக்கலா, சிவிலா என்று முடிவு செய்யச் சொல்வது கொஞ்சம் அநியாயம்தான். பிளஸ் டூ போனவனுக்கு 17 வயதில் சட்டம், சி.ஏ. என்று மனசு மாற இடம் உண்டு. பிளஸ் டூ முடித்த பிறகு டிப்ளமோ ஆசை வந்தால்கூட நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். அதனால் இன்னும் முடிவெடுக்காத பிள்ளையை பிளஸ் டூவில் விடுங்கள். வீட்டு மிக்ஸியைக் கழற்றி, திரும்ப ஓடவும் வைக்கிற பிள்ளைக்கு பாலிடெக்னிக்.

அரசுப் பள்ளிப் பிள்ளை என்றால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. பி.இ. இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. பத்தாவதோடு பள்ளியை விட்டு வந்தால் அது போய்விடும். பாலிடெக்னிக் விண்ணப்பம் போடும் முன்பே இதையும் வீட்டில் பேசிவிடுங்கள்.